செட்டிநாட்டுத் தலைவாசல் கதவு: பழையதை வாங்குவதா, புதிதாகச் செய்வதா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் வீடு கட்டுகிறீர்கள். தலைவாசலுக்குச் செட்டிநாட்டுப் பாணிக் கதவு வேண்டும். காரைக்குடியில் பழைய கதவு ஒன்றைப் பார்த்து வைத்து, அதன் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் ஆசாரி, "அதெல்லாம் எதுக்குங்க, அதே மாதிரி நானே புதுசா போட்டுத் தர்றேன்" என்கிறார். எது நல்லது, எந்த மரம் என்பது கேள்வி. வரிகளுக்கு நடுவே ஒரு பயமும் தெரிகிறது: இவ்வளவு செலவு செய்துவிட்டு, கடைசியில் ஹோட்டல் வாசல் மாதிரி இருந்துவிடுமோ என்று. அந்தப் பயத்துக்குப் பதில் கிடைத்தால் மற்றதைத் தீர்மானிப்பது சுலபம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் புதுக்கோட்டைப் பக்கம் தச்சுப்பட்டறை நடத்துபவன். பழைய வாசல் நிலை (கதவைச் சுற்றி நிற்கும் மரச்சட்டம்), கதவுகளைப் பழுதுபார்ப்பதும் அதே பாணியில் புதிது செய்வதும்தான் பிழைப்பு. கட்டடப் பொறியாளர் இல்லை. சுவர், லிண்டல் தொடர்பாகச் சொல்வதை மட்டும் உங்கள் பொறியாளரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டு வாசல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது செதுக்கல். ஆனால் அந்தக் கம்பீரம் வருவது நிலையிலிருந்துதான். ஒருமுறை செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தான் தெருக்களில் நடந்து பாருங்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், சென்னைப் பக்கம் போகும்போது முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பிரித்து எடுத்து வந்து கட்டிய செட்டிநாட்டு வீடு இருக்கிறது, அதையாவது பாருங்கள். போகும்போது டேப் ஒன்று கையில் இருக்கட்டும். நிலையின் முகம் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் ஒரு கனமான சட்டம், அதற்குள் கொடி ஓடும் ஒரு பட்டை, அதற்குள் முத்து கோத்த மாதிரி ஒரு வரிசை, அப்புறம்தான் கதவு. தலைக்கு மேலே கஜலட்சுமியோ மயிலோ யாளியோ உட்கார்ந்த அகலமான பலகை. இத்தனையும் சேர்ந்து முக்கால் அடி, ஒரு அடி அகலத்துக்குக் கதவைச் சுற்றி நிற்கும். கதவின் பலகையிலோ பெரும்பாலும் வேலை குறைவுதான். கட்டம் கட்டமாகச் சட்டம், பித்தளைக் குமிழ்கள், ஒரு வளையம், அவ்வளவே.

இப்போது கடைகளில் "செட்டிநாடு டோர்" என்று விற்பது இதற்கு நேர்மாறு. ஐந்துக்கு மூன்று அங்குல நிலை, அதில் ஒரு கோடு கூட இருக்காது. கதவில் மட்டும் பிள்ளையார், தாமரை, யானை என்று ஒரு அங்குலம் விடாமல் மெஷின் செதுக்கல். ஹோட்டல் வாசல் தோற்றம் வருவது இதனால்தான். உங்கள் பணம் எவ்வளவு இருந்தாலும் அதில் பாதிக்கு மேல் நிலைக்குப் போகட்டும், கதவு எளிமையாக இருக்கட்டும். பழையது, புதியது எதை எடுத்தாலும் இதை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, சுவரும் வெயிலும். பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம், கதவு அதற்குள் ஒதுங்கி நிற்கும். அதற்கு முன்னால் திண்ணை, அதன் மேல் தாழ்ந்து இறங்கும் கூரை. நூறு வருஷக் கதவு பளபளவென்று இருக்கிறதே என்று வியக்கிறோம், அது நேரடியாக மழை பார்த்ததே இல்லை என்பதுதான் பாதிக் காரணம். உங்கள் வீட்டுச் சுவர் ஒன்பது அங்குலம், முன்னால் இரண்டடி சன்ஷேடு என்றால், மேற்குப் பார்த்த வாசலில் எந்தத் தேக்கும் இரண்டு கோடையில் வெளுத்துவிடும். வரைபடம் இன்னும் மாற்றலாம் என்ற நிலையில் இருந்தால், வாசலுக்கு முன் ஐந்தடி ஆழத்துக்கு ஒரு முகப்பு கேளுங்கள். கதவின் இரு பக்கமும் சுவரைத் தூண் மாதிரி ஆறு அங்குலம் முன்னால் இழுக்கச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு செதுக்கலுக்கு ஆவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், பலன் அதிகம்.

சரி, பழைய கதவுக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் விற்கப்படுபவை பெரும்பாலும் பங்காளிகள் பிரித்துக்கொண்ட, இடித்த வீடுகளிலிருந்து வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940கள் வரை கட்டிய வீடுகள் அவை. நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் அங்கிருந்து கப்பலில் தேக்கு வந்தது, 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரத்து நின்றது. ஆகவே "பர்மா தேக்கு" என்று கடைக்காரர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உறுதி செய்யவும் முடியாது. பர்மா தேக்கும் நம் நாட்டுத் தேக்கும் ஒரே இன மரம். பாலீஷ் போட்ட முகத்தைப் பார்த்து இது ரங்கூன் தேக்கு, இது கேரளத்து நிலம்பூர் தேக்கு என்று சொல்பவர் யாராக இருந்தாலும் ஊகம்தான் சொல்கிறார். தேக்கா இல்லையா, மெதுவாக வளர்ந்து முற்றிய மரமா என்பதை மட்டும் ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம்.

அதற்குக் கதவை நிமிர்த்தி வைத்துப் பார்த்துப் பயனில்லை. படுக்கப் போடச் சொல்லுங்கள். நிலைக்காலின் அடிமுனை தெரியும், குறுக்காக அறுத்த அந்த முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் வளையங்கள் எழும்பி வரும். ஒரு அங்குலத்துக்குள் நெருக்கமாகப் பல வளையங்கள் இருந்தால் மெதுவாக வளர்ந்த மரம். விரல் அகலத்துக்கு ஒன்றாக விட்டு விட்டு இருந்தால் தோட்டத்தில் வேகமாக வளர்ந்தது. பின்பக்கம் மறைவான இடத்தில் உளியால் ஒரு சீவல் எடுக்க அனுமதி கேளுங்கள். தேக்காக இருந்தால் உள்ளே பொன்பழுப்பாக இருக்கும், தடவினால் மெழுகு தடவிய மாதிரி வழவழக்கும், பதப்படுத்திய தோலைப் போல ஒரு வாசனை வரும். சீவல் எடுக்க விடமாட்டேன் என்றால் அந்தக் கடையில் எனக்கு வேலை இல்லை.

பின்பக்கம்தான் எப்போதும் உண்மை பேசும். கையால் செய்த பழைய கதவின் பின்பலகையில் வாச்சி கொத்திய தடம், இழைப்புளி ஓடிய மேடுபள்ளம் ஏதாவது இருக்கும். ஒரே சீராக, வளைவு வளைவாக ரம்பக் கோடுகள் இருந்தால் அது வட்ட ரம்பத்தில் அறுத்தது, அப்படிப்பட்ட கதவு அவ்வளவு பழசு என்று நம்ப எனக்கு வேறு ஆதாரம் வேண்டும். தேய்மானத்தையும் பாருங்கள். வாசற்படி நடுவில் தேய்ந்திருக்க வேண்டும், வளையத்தைச் சுற்றிக் கைபட்டுக் கறுத்திருக்க வேண்டும், தாழ்ப்பாள் உரசிய பாதையில் பள்ளம் விழுந்திருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு பழமை தெரிந்தால் அது சாயம். மாமரம், வேம்பு இரண்டிலும் செய்து கறுப்புச் சாயம் ஊற்றி "பழசு" என்று விற்பதுண்டு. ஸ்டார் தலை திருகாணி இருப்பது மட்டும் குற்றம் ஆகாது, பின்னால் பழுதுபார்த்தவர் போட்டிருக்கலாம்.

அடுத்து நோய். ஸ்க்ரூடிரைவரால் நிலைக்காலின் அடியிலும், சுவருக்குள் புதைந்திருந்த கொம்புகளிலும் (சட்டத்திலிருந்து நீட்டிய முனைகள்) குத்திப் பாருங்கள். டங்கென்று எதிர்த்தால் நல்லது, பொதுக்கென்று இறங்கினால் உளுத்தது. ஓட்டைகள் இருந்தாலே பயப்பட வேண்டாம், பழைய மரத்தில் ஓரத்து வெள்ளைப் பகுதியில் எப்போதோ வண்டு துளைத்த ஓட்டை இருக்கலாம். கதவுக்குக் கீழே ஒரு கறுப்புத் துணி விரித்து நாலு தட்டு தட்டுங்கள். புது மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே வாழ்கிறது, அதை மருந்து அடித்துக் காத்திருந்து பார்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

அளவில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய கதவுகள் குடுமியில் சுழல்பவை. கதவின் ஒரு ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முளை படியில் உள்ள குழியிலும் மேல் கட்டையிலும் உட்கார்ந்து திரும்பும், கீல் இருக்காது. அப்படிப்பட்ட ஜோடியில் நிலை ஒரு இடம், கதவு ஒரு இடம் என்று தனித்தனியாக வாங்கினால் பொருத்துவது பெரும் தலைவலி. வாங்கினால் நிலை, படி, இரண்டு கதவு, மேல்பலகை எல்லாம் சேர்ந்த முழு செட்டாக வாங்குங்கள். குடுமியை அறுத்துவிட்டுக் கீல் போடலாம் என்று ஆசாரி சொன்னால், முதலில் குடுமியோடே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாரம் முழுவதையும் தரை தாங்குவதால் கனமான கதவுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. உயரம் ஐந்தேகால், ஐந்தரை அடியாக இருக்கும் நிலைகளும் உண்டு. குனிந்து நுழைவது அந்தக் காலத்தில் பழக்கம், இன்று உங்கள் ஃபிரிட்ஜ் நுழையாது. செங்கல் வேலை வாசல் மட்டத்துக்கு வருவதற்கு முன்பே கதவு உங்கள் கையில் இருக்க வேண்டும், அளவை அதற்கேற்ப விட வேண்டும். ஏற்கெனவே ஏழுக்கு நாலு என்று வாசல் விட்டாகிவிட்டது என்றால், பழைய கதவு யோசனையை இப்போதே விட்டுவிடலாம்.

கீழ்ப்படியையும் மறக்காதீர்கள். நாலு பக்கமும் சட்டம் உள்ள நிலையில் கீழே நாலைந்து அங்குலம் மரப்படி நிற்கும். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க அதுதான் இடம் என்பதால் வீட்டுப் பெண்களுக்கு அது வேண்டும். வயதானவர் வாக்கரோடு வருகிற வீட்டில் அதே படி ஆபத்து. வெளித்தளத்தையும் உள்தளத்தையும் படியின் மேல்மட்டத்துக்கு அருகே கொண்டுவந்தால் இரண்டும் நடக்கும், ஆனால் அதைத் தரை போடும் முன்பே தீர்மானிக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாசக்கால் வைப்பது நம்மிடம் நாள் பார்த்து, நவதானியம் போட்டுச் செய்கிற காரியம். "இன்னொருத்தர் குடும்பம் வாழ்ந்து இடிச்ச வீட்டு வாசக்கால் நமக்கு எதுக்கு" என்று மாமியார் ஒரே வரியில் முடித்து, வாங்கிய நிலை ஷெட்டில் சாத்திக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். நூறு வருஷம் கதவு நின்ற வீடு நல்லாத்தானே வாழ்ந்தது என்று எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இதில் நான் கருத்துச் சொல்வதில்லை.

சட்டம் பற்றி இரண்டு வரி. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் தொல்பொருள்தான். அதை வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எழுதிய பில் வாங்குங்கள். கோயிலிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்புறம், பழைய கதவின் மேல் பச்சை, நீல இனாமல் பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதை மெஷின் வைத்து உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும். ரிமூவர் போட்டுச் சுரண்டி, ஈரமாகத் தேய்க்க வேண்டும், குழந்தைகள் இல்லாத இடத்தில்.

இனி புதிதாகச் செய்வது. மரக்கடையில் இன்று தேக்கு என்றால் மூன்று வகை சொல்வார்கள். பர்மா, நாட்டுத் தேக்கு, ஆப்பிரிக்கத் தேக்கு. மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அதனால் "நேற்று இறங்கிய பர்மா உருட்டு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். ஆப்பிரிக்கா, தென்னமெரிக்காத் தோட்டங்களிலிருந்து வருவதும் பெரும்பாலும் உண்மையான தேக்குதான், இளசு என்பதுதான் குறை. வெள்ளை (ஓரத்து இளமரம்) அதிகம் இருக்கும், வைரம் (நடுவிலுள்ள முற்றிய மரம்) குறைவாக இருக்கும். ஊர்ப் பெயரைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள், வைரத்தைப் பார்த்துக் கொடுங்கள். வெள்ளைப் பகுதியைக் கரையானும் வண்டும் விடாது, அது எந்த நாட்டுத் தேக்காக இருந்தாலும் சரி. நிலைக்கு மட்டும் வேங்கை போட்டுக் கதவுக்குத் தேக்கு போடுவது நம் பக்கம் வழக்கம். பணம் மிச்சமாகும், உறுதியில் குறையில்லை. ஆனால் செதுக்கல் நிலையில்தான் வரப்போகிறது என்றால் தேக்கே நல்லது, உளிக்கு அது நன்றாக வழிவிடும்.

கன அடிக் கணக்கை நீங்களே போடத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழுக்கு நாலு அடி நிலை, நாலு பக்கமும் ஐந்துக்கு நாலு அங்குலச் சட்டம் என்றால் மொத்த நீளம் 22 அடி. 5-ஐ 4-ஆல் பெருக்கி 144-ஆல் வகுத்து 22-ஆல் பெருக்கினால் சுமார் 3 கன அடி. இரண்டங்குலக் கனத்தில் ஏழுக்கு மூன்றரை அடி இரட்டைக் கதவு சுமார் 4 கன அடி. செதுக்கல் பட்டைகளுக்கும் மேல்பலகைக்கும் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும், அறுவைச் சேதம் வேறு. காய்ந்த தேக்கு கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ. அப்படியானால் ஒரு கதவு மட்டுமே 35 கிலோவுக்கு மேல் வரும். அதற்கு மூன்று கீல் போதாது, ஐந்தங்குலக் கீல் நாலு போடுங்கள்.

மரம் காய்ந்ததா என்பதில் சமாதானம் வேண்டாம். ஈரம் பார்க்கும் மீட்டர் இப்போது பெரும்பாலான பட்டறைகளில் இருக்கிறது, குத்திக் காட்டச் சொல்லுங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் வேலை தொடங்கலாம். 18, 20 காட்டினால் பச்சை மரம், எவ்வளவு நல்ல ஆசாரி செய்தாலும் முறுக்கிக்கொள்ளும். காய்ந்த பலகையும் கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே அடிக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கி விரியும். அதனால்தான் பழைய வேலையில் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) ஒட்டாமல் சும்மா செருகியிருப்பார்கள், சட்டங்கள் ஒன்றோடொன்று சேரும் கழுந்தும் துளையும் மட்டும் ஆப்பு வைத்து, மூங்கில் ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். இன்று அவசரத்தில் பலகையையும் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். முதல் கோடையிலேயே பலகை நடுவில் பிளக்கிறது, பழி மரத்தின் மேல் விழுகிறது. "காடியில் பசை போடாதீர்கள்" என்று ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ளாமல் "நாங்க போட மாட்டோம்" என்றால் நல்ல ஆசாரி கிடைத்திருக்கிறார்.

செதுக்கலுக்கு மெஷினா கையா என்றால், கொடிப்பட்டை, முத்துவரிசை எல்லாம் மெஷினில் போட்டு உளியால் ஒருமுறை ஓட்டி எடுக்கலாம், தூரத்திலிருந்து பெரிய வித்தியாசம் தெரியாது. மேல்பலகையில் உள்ள உருவத்துக்கு மட்டும் கை வேலைக்குச் செலவு செய்யுங்கள். சாதாரண மெஷினின் முனை மேலிருந்து கீழேதான் இறங்கும், இலைக்கு அடியில் குடைய முடியாது. அந்த அடிக்குடைவில் விழும் நிழல்தான் உருவத்தைப் பலகையிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

நிலை வைக்கும் நாளைப் பற்றி ஒரு யோசனை. பூசைக்கு நாள் வந்துவிட்டது என்று செதுக்கிய நிலையைப் பாதிக் கட்டடத்தில் நட்டால், அதன் பிறகு ஐந்தாறு மாதம் சிமெண்ட் தண்ணீர் அதன் மேல்தான் வழியும், தேக்கில் படும் அந்தக் கறை சுலபமாகப் போகாது. வெறும் வெளிச்சட்டத்தை மட்டும் நாள் பார்த்து வைத்துவிட்டு, செதுக்கிய பட்டைகளையும் மேல்பலகையையும் பூச்சு வேலை முடிந்தபின் பொருத்துங்கள். சுவரில் படும் முகங்களுக்கு முன்பே மரக்காப்பு மருந்து அடித்துவிடுங்கள். நட்டதைப் பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்ற வேண்டாம், உள்ளே வேர்க்கும். பழைய சாக்கு போதும்.

பாலீஷில், அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலீஷ் அழகு, ஆனால் தண்ணீர் பட்டால் வெளுக்கும். ஆகவே உள்கதவுகளுக்கு மட்டும். மெலமைன் பாலீஷும் உள்ளுக்குத்தான். தலைவாசலுக்கு வெளிப்புறத்துக்கென்று விற்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சைப் பளபளப்பில்லாமல் மேட்டாக அடிக்கலாம், அல்லது ஆளிவிதை எண்ணெய் வகையில் ஒன்றை வருஷம் ஒருமுறை தடவிக்கொண்டே வரலாம். பி.யூ. உரிந்தால் முழுக்கச் சுரண்டித்தான் மறுபடி அடிக்க வேண்டும். எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை, வருஷா வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். பழைய தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கு நான் எண்ணெயைத்தான் சொல்வேன். பித்தளைச் சாமான் வாங்கப் போகும்போது காந்தம் ஒன்று எடுத்துச் செல்லுங்கள், ஒட்டினால் அது இரும்பில் முலாம். கேரளத்து மணிச்சித்திரத்தாழ் என்ற அலங்காரப் பூட்டை இந்தக் கதவில் மாட்டாதீர்கள், அது வேறு ஊர் வீட்டுக்கு உரியது.

கடைசியாக, உங்கள் விஷயத்தில் எது என்று கேட்டால்: படத்தில் தெரிகிற அந்தக் காரைக்குடிக் கதவு தேக்கா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. செட் முழுசாக இருந்து, அடிமுனை உறுதியாக இருந்து, நிலையின் உள் உயரம் ஆறு அடிக்குக் குறையாமல் இருந்து, உங்கள் சுவர் இன்னும் எழும்பாமல் இருந்தால் வாங்குங்கள். இந்த நாலில் ஒன்று இடித்தாலும் புதிதாகச் செய்யுங்கள், உள்கதவுகளைச் சாதாரணக் கட்டப் பலகைக் கதவாகவே விட்டு அந்தப் பணத்தையும் நிலையில் போடுங்கள். ஆசாரியிடம் முன்பணம் கொடுக்கும்போது மரத்தின் வகை, கன அடி, வெள்ளை எவ்வளவு வரை ஏற்பீர்கள், மீட்டரில் ஈரம் எவ்வளவு, செதுக்கல் கையா மெஷினா, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அறுத்த மரத்தைப் பட்டறையில் நேரில் பார்த்தபிறகு அடுத்த தவணையைக் கொடுங்கள்.